இரும்புலியூர் மூக்கும் பிரெஞ்சு ஒயினும்

1

நவம்பர் மாதத்து மூன்றாவது வியாழக்கிழமை எங்கள் கடைக்குத் திருவிழா மாதிரி. அந்த வருஷம் பறித்த திராட்சையில் செய்த புது ஒயின், பொஜொலே என்கிற மலைப்பக்கத்திலிருந்து வந்து அன்றைக்குத்தான் விற்பனைக்கு இறங்கும். கடை திறக்கும் முன்பே வாசலில் ஆட்கள் நிற்பார்கள். கமே என்ற திராட்சையில் செய்தது. முகர்ந்தால் வாழைப்பழ வாசனை வரும். பிரெஞ்சுக்காரர்களே அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் வாழைப்பழம் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் என் நோட்டில் ‘கற்பூரவள்ளி, ரெண்டு நாள் அதிகமாகப் பழுத்தது’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நான் இந்த நாட்டில் வந்து இறங்கியதும் ஒரு நவம்பரில்தான், எண்பத்து நாலில். கட்டிக்கொண்டவர் பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். லியோன் நகரத்தில் இறங்கியபோது கையில் ஒரு சூட்கேஸும் ஒரு கிலோ புளியும் இருந்தன. பதினான்கு வருஷம் ஓடிவிட்டது. புளி இப்போது இங்கேயே கிடைக்கிறது.

இந்த வருஷம் அந்த வியாழக்கிழமை முழுக்க நின்று நின்று கால் வீங்கி, சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். பதினொரு வயது மகள் அனிதா சோபாவில் கால் நீட்டிக்கொண்டு, “அம்மா, மாமாவுக்கு லெட்டர் போட்டுட்டேன்” என்றாள்.

சனிக்கிழமைகளில் அவளைத் தமிழ் வகுப்புக்கு அனுப்புகிறோம். அங்கே வீட்டுப்பாடமாக, ஊரிலிருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்குப் பத்து வாக்கியத்தில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதி, தானே தபால்தலை ஒட்டி, தானே பெட்டியில் போட்டுவிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நோட்டில் இருந்த நகலை வாங்கிப் பார்த்தேன்.

‘என் அப்பா பஸ் ஓட்டுகிறார். என் அம்மா ஒயின் கடையில் வேலை செய்கிறது. அம்மாவின் மூக்கு ரொம்ப நல்லது. அம்மா ஒரு நாளில் இருபது ஒயின் மோந்து பார்க்கும். எல்லாரும் அம்மாவைக் கேட்டுத்தான் வாங்கும்.’ பத்தாவது வாக்கியம் எங்கள் வீட்டுப் போன் நம்பர்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “ஏன்டி, என்னைக் கேட்காம போட்டே?” என்றேன். அவள் விழித்தாள். “தப்பாவா எழுதினேன்? டீச்சர் பாத்தாங்களே” என்று தமிழில் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் பிரெஞ்சுக்குத் தாவி, ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். பயந்தால் அவளுக்குத் தமிழ் வராது. பயந்தால் எனக்குப் பிரெஞ்சு வராது.

எட்டு வருஷமாக என் அண்ணனிடம் நான் மறைத்து வைத்திருந்த ஒரே விஷயம் இதுதான். அவனுக்கு நான் மளிகைக் கடையில் வேலை பார்க்கிறேன் என்றுதான் தெரியும்.

2

எங்கள் வீடு இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே இரண்டாவது தெரு. அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். என்னைவிட ஆறு வயது பெரியவன் அண்ணன் குமார். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டுக் குரோம்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தான். என்னைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தது அவன். எனக்கு முதல் வாட்ச் வாங்கித் தந்தது அவன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வருவதைப் படித்துவிட்டு நீங்கள் அவனைத் தப்பாக நினைப்பீர்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு ஒயின் ஷாப் வந்தது. அந்த ஒயின் ஷாப்பில் ஒயின் இருக்காது என்பது உங்களுக்கே தெரியும். பிராந்தியும் ரம்மும்தான். தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போகிற ஒரு தெருவில் நாலு கடை வரிசையாக இருந்தன. மின்சார ரயிலில் இறங்கும் அண்ணன் அந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

அம்மாவுக்கு இழுப்பு நோய். உள்ளே கட்டிலில் சாய்ந்தபடி இருப்பாள். “கோமு, உங்கண்ணன ஊதச் சொல்லிப் பாரு” என்பாள். அந்த வேலை எனக்கு. ஆறரை மணிக்கு அண்ணன் படியேறும்போது இரண்டு கையையும் நிலையில் ஊன்றி வழி மறிப்பேன்.

“ஊதுண்ணா.”

குனிந்து ஊதுவான். வாடை இல்லையென்றால் கையை எடுத்துவிட்டு, “சரி, உள்ள போ” என்பேன். வாடை இருந்தால் அம்மாவிடம் சொல்வேன். அம்மா திட்ட மாட்டாள், அன்றைக்குச் சாப்பிட மாட்டாள். அவ்வளவுதான் தண்டனை. அந்தத் தண்டனைக்குப் பயந்து அண்ணன் என்னை ஏமாற்றப் பார்ப்பான். ஏலக்காய் மெல்வான். வெற்றிலை போடுவான். வழியில் யார் வீட்டுக் கொய்யா மரத்திலாவது நாலு இலை பறித்து மென்றுகொண்டே வருவான்.

நான் லேசில் ஏமாறுகிறவள் இல்லை. முதலில் லேத் எண்ணெய் வாசனை வரும், சட்டையில். அடுத்து பீடி. அப்புறம் கொய்யா இலை, அது வாயில். அதற்கும் அடியில், கடைசியாக, மெதுவாக, பிராந்தி. மூச்சை இழுத்து ஒரு விநாடி நிறுத்தினால்தான் அது பிடிபடும். பிராந்தியா ரம்மா என்றுகூடச் சொல்லிவிடுவேன். பதினேழு வயதில் ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயமா அது? ஆனாலும் எனக்குத் தெரிந்திருந்தது.

ஒரே ஒரு முறை பொய் சொன்னேன். என் கல்யாணத்துக்கு முதல் நாள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அண்ணன் படியேறி வந்து, வழக்கம்போல வாசலில் நின்று, தானே குனிந்து ஊதினான். ரம். கொய்யா இலைகூட இல்லை. என்னை அனுப்பப் போகிற துக்கம் தாங்காமல் குடித்துவிட்டு வந்திருந்தான். நான் கையை எடுத்து, “சரி, உள்ள போண்ணா” என்றேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் பொய் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பந்தலுக்கு நாற்காலி எண்ண ஆரம்பித்துவிட்டான்.

3

எண்பத்தெட்டில் பத்து மாதக் குழந்தையோடு முதல் தடவையாக ஊருக்குப் போனேன். அம்மா அதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். அண்ணனைத் தடுக்க ஆள் இல்லை. பட்டறையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அண்ணி பையனைத் தூக்கிக்கொண்டு பொத்தேரியில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கடிதம் வந்திருந்தது.

மீனம்பாக்கத்தில் வெளியே வந்தேன். அண்ணன் ஒரு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தான். நாலு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். குழந்தையை வாங்கக் கை நீட்டிக் குனிந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் முகத்தைப் பார்க்கவில்லை. என்னை அறியாமல் மூச்சை இழுத்து நிறுத்தினேன்.

அவன் அதைக் கவனித்துவிட்டான். நீட்டிய கை அப்படியே நின்றது. டாக்சி குரோம்பேட்டை தாண்டும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னான்.

“கோமு, ஏரோப்ளேன் ஏறி அம்மாந்தூரம் போயும் உன் மூக்குல இந்த நாத்தந்தான் கீதா? புள்ளய வச்சுகினு நிக்கிற, மொதல்ல என் வாயதான் மோந்து பாக்குற.”

“இல்லண்ணா, அது சும்மா…”

“சும்மா இல்ல. நாந்தான் அப்டி பண்ணி வச்சுகீறேன். வுட்டுர்றேன்மா. சத்தியமெல்லாம் பண்ணல, வுட்டுர்றேன். நீ அந்த நாத்தம் இல்லாத ஊருக்குப் பூட்ட. அங்கயே நல்லா இரு. இனிமே யார் வாயையும் நீ மோக்க வாணாம்.”

எத்தனையோ பேர் எத்தனையோ முறை விடுகிறேன் என்று சொல்லிக் கேட்டிருக்கிறோம். இவன் விட்டான். நான் இருந்த ஆறு வாரமும் கை நடுங்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது. காப்பியைத் தட்டில் ஊற்றி, மேலே நாளிதழைப் பிடித்து நடுக்கத்தை மறைத்துக்கொண்டு குடிப்பான். ஸ்டேஷன் தெரு வழியாகப் போவதையே நிறுத்தினான். அரை மைல் கூடுதலாகச் சுற்றி நடந்தான். அண்ணி திரும்பி வந்தாள். பிற்பாடு திருமுடிவாக்கத்தில் ஒரு தொழிற்கூடத்தில் வேலையும் கிடைத்தது. பத்து வருஷமாக அந்தத் தெருவில் அவன் கால் வைத்ததில்லை என்று அண்ணி ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவாள்.

தன் தங்கையின் மூக்கில் அந்த வாடை இனி ஏறக் கூடாது என்பதற்காக ஒரு மனிதன் குடியை விட்டான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

4

தொண்ணூறில் என் கணவர் வேலை செய்த தொழிற்சாலையை மூடினார்கள். அவர் பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டு வேலையில் சேர ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதற்குள் நான் ஏதாவது செய்தாக வேண்டும். எங்கள் தெருமுனைக் கடையின் கண்ணாடியில் ‘ஆள் தேவை’ என்று ஒட்டியிருந்தது. பாட்டில்களைத் துடைக்க, பெட்டி பிரிக்க. உள்ளே போன பிறகுதான் என்ன கடை என்று பார்த்தேன். அதற்குள் முதலாளியம்மா மதாம் ஒதெத் என் கையில் ஒரு துணியைக் கொடுத்துவிட்டார். அறுபது வயது, வாய் ஓயாமல் பேசுவார், நல்ல மனசு.

இரண்டாவது வாரம் ஒரு நாள், வாடிக்கையாளருக்குத் திறந்த பாட்டிலில் மிச்சமிருந்ததை ஒரு கிளாஸில் ஊற்றி, “இதை முகர்ந்து பார், என்ன தெரிகிறது?” என்றார். லுவார் நதிக்கரையில் சான்செர் என்ற ஊர், சொவிஞோன் என்ற வெள்ளைத் திராட்சை. நான் வேண்டாவெறுப்பாக மூக்கைக் கொண்டு போனேன்.

கொய்யா இலை. பறித்து, கசக்கி, மென்ற கொய்யா இலை.

அங்கேயே, பெட்டிகளுக்கு நடுவே, அழுதுவிட்டேன். மதாம் பதறிப்போனார். எனக்கு அப்போது இருந்த பிரெஞ்சில் அண்ணன், வாசல், இலை என்று மூன்று வார்த்தைதான் சொல்ல முடிந்தது. அவர் அதிலிருந்து என்ன புரிந்துகொண்டாரோ தெரியாது. மறுநாள் வேறு ஒன்றை நீட்டினார். அடுத்த நாள் இன்னொன்று. ஒரு மாதத்தில், “உன்னை வைத்துத் தூசி துடைக்கிறேனே, நான் ஒரு முட்டாள்” என்று சொல்லிக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்.

இங்கே ஒயினை முகர்வதற்கு முறை இருக்கிறது. கிளாஸை அசைக்காமல் முகர்வது முதல் மூக்கு. சுழற்றிவிட்டு முகர்வது இரண்டாம் மூக்கு. மேலே இருக்கிற பழவாசனை அடங்கியதும் அடியில் இருப்பது மெதுவாக எழுந்து வரும். மதாம் இதை விளக்கியபோது நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். ஏலக்காய் முதல் மூக்கு, பிராந்தி இரண்டாம் மூக்கு. இரும்புலியூரில் நிலைப்படியில் நின்று படித்த பாடம்.

‘மளிகைக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது’ என்று அண்ணனுக்கு எழுதினேன். கடையில் ஒரு மூலையில் கடுகு பாட்டிலும் பிஸ்கட்டும் விற்கிறோம், அதனால் முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. வருஷா வருஷம் பிரெஃபெக்சர் என்கிற அரசாங்க அலுவலகத்தில் படிவம் நிரப்பும்போது ‘தொழில்’ என்ற கட்டத்தில் கை நின்றுவிடும். காலியாக விட்டுக் கொடுப்பேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண், முழுமையாக இல்லை என்று திருப்பித் தள்ளுவாள். மறுபடி வரிசை, மறுபடி ஒரு மணி நேரம். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதிக்கொண்டு அவர்கள் என்னை என் அப்பா பெயரால் கூப்பிடுவதைக்கூடப் பழகிக்கொண்டேன். அந்த ஒரு கட்டம் மட்டும் பழகவில்லை. ‘விற்பனையாளர்’ என்று எழுதி ஒப்பேற்றுவேன். என்ன விற்கிறாய் என்று அரசாங்கம் கேட்கவில்லை. என் மகள் கேட்காமலே எழுதிவிட்டாள்.

5

இதைப் படிக்கிற உங்களில் முக்கால்வாசிப் பேர் பிரெஞ்சு ஒயின் வாங்கப் போவதில்லை. இருந்தாலும் தெரிந்த தொழிலைக் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியாது.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் குழப்பம், பாட்டிலின் மேல் திராட்சையின் பெயர் இருக்காது என்பது. ஊர் பெயர்தான் இருக்கும். நமக்கு இதில் குழப்பமே வரக் கூடாது. மதுரை மல்லி என்கிறோம், சேலத்து மாம்பழம் என்கிறோம், ஒருவரைப் புதிதாகப் பார்த்தால் பெயருக்கு முன்னால் சொந்த ஊர் எது என்கிறோம். ஊரைச் சொன்னால் மிச்சம் தெரிந்துவிடும் என்பது இவர்கள் எண்ணமும். பர்கண்டி என்றால் சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்தொனே. பினோ நுவார் வயதானால் முதல் மழை விழுந்த மண் மாதிரி மணக்கும். பொர்தோ என்றால் கபெர்னேயும் மெர்லோவும் கலந்தது. கபெர்னேயில் பச்சைக் குடமிளகாய் நறுக்கிய வாசனை இருக்கும். அல்சாஸ்காரர்கள் மட்டும் திராட்சையின் பெயரையே ஒட்டிவிடுவார்கள். அங்கே ஒரு திராட்சை உண்டு, வாய்க்குள் நுழையாத பெயர், திறந்தால் கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்த மாதிரி இருக்கும்.

ரோன் நதிப் பக்கத்து ஊர்களை நான் தாம்பரம் ரயிலாக மனப்பாடம் செய்தேன். லியோனிலிருந்து தெற்கே நதியோடு இறங்கினால் கோத்-ரோத்தி, கொந்த்ரியோ, சேன்-ஜோசெஃப், எர்மிதாஜ், கோர்னாஸ். கிண்டி, பரங்கிமலை, மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை. எர்மிதாஜ் வந்தால் எனக்கு இன்றைக்கும் பல்லாவரத்துப் பிளாட்பாரம்தான் கண்ணில் தெரியும். கொந்த்ரியோ மட்டும் வெள்ளை, வியோனியே திராட்சை, பழுத்த மாம்பழத் தோல் வாசனை. மற்றதெல்லாம் சிவப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள், சிரா திராட்சை. மிளகு. தாளித்து இறக்கிய மிளகு ரசம். என் நோட்டில் அப்படியே தமிழில் எழுதியிருந்தேன். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து இது என்ன எழுத்து, என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். இப்போது அவர் கடைக்கு வந்தால், “ரசம் ஒரு பாட்டில்” என்றுதான் கேட்கிறார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் அப்படிக் கேட்கிறார்கள்.

ஆனால் நான் குடித்ததில்லை. மூக்கு வரைக்கும் சம்மதம், தொண்டைக்குக் கீழே இல்லை என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். முதல் முறை மதாம் என்னைக் கொந்த்ரியோவுக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டக்காரரின் நிலவறைக்குக் கூட்டிப்போனார். ஆறு பேர் இருந்தோம். தோட்டக்காரர் பீப்பாயிலிருந்து ஒரு கிளாஸில் எடுத்தார். ஒரே கிளாஸ். ஒருவர் வாய் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுக்கிறார். அது நாலு வாய் கடந்து என் கைக்கு வருகிறது!

எச்சில் என்று சொல்லப் பிரெஞ்சில் எனக்கு வார்த்தை தெரியாது. நாம் செய்வதைச் செய்தேன். தலையை அண்ணாந்து, கிளாஸைத் தூக்கி, வாய் படாமல் ஊற்றினேன். நம் வீட்டில் சொம்புத் தண்ணீர் குடிக்கத் தெரிந்தவளுக்கு அகலமான கண்ணாடிக் கிளாஸ் பழக்கமில்லை. பாதி வாயில், பாதி மூக்கில், மிச்சம் ஸ்வெட்டரில். விழுங்கக் கூடாது என்ற பயத்தில் வாயில் இருந்ததை அப்படியே தரையில் துப்பிவிட்டேன்.

மானம் போயிற்று என்று நினைத்து நின்றேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. துப்புவதுதான் முறையாம். துப்புவதற்கென்று மூலையில் ஒரு பாத்திரமே இருந்தது. அதற்குள் துப்பியிருந்தால் என்னைப் பெரிய நிபுணர் என்றே நினைத்திருப்பார்கள். தோட்டக்காரருக்கு நான் தூக்கி ஊற்றியது ரொம்பப் பிடித்துவிட்டது. காற்று நன்றாகக் கலக்கிறதே என்று தானும் செய்து பார்த்து, தானும் சட்டையை நனைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு மட்டும் தனி கிளாஸ். ஆனாலும் தூக்கித்தான் ஊற்றுகிறேன், எட்டு வருஷமாகத் துப்பித்தான் வருகிறேன். ஒரு சொட்டு உள்ளே போனதில்லை. அண்ணன் எனக்காக விட்டதற்கு நான் செலுத்துகிற மரியாதை அது என்று நினைத்துக்கொள்வேன். சில நாள் அது வெறும் சாக்கு என்றும் தோன்றும்.

6

இங்கிருந்து கடிதம் போய்ச் சேரப் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளும் நான் நானாக இல்லை. தபால்காரருக்கு ரசம் கொடுப்பதற்குப் பதில் வேறு எதையோ கட்டிக் கொடுத்தேன். ‘முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிடு’ என்றார் கணவர். இரண்டு முறை டயல் செய்துவிட்டு வைத்தேன். என்ன சொல்வது? அந்த வாடையை வைத்துத்தான் நான் சோறு சாப்பிடுகிறேன் என்றா? இந்த மூக்கில் அது ஏறக் கூடாது என்று விட்டவன், அது தினமும் இருபது முறை ஏறுகிறது என்று தெரிந்தால், இனி எதற்கு என்று நினைத்துவிட்டால்? எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். அவன் மறுபடி குடித்துவிட்டால் அதை என்னால் வாங்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை மூடி வீட்டுக்கு வந்தேன். மணி ஒன்று. ஊரில் சாயங்காலம் ஐந்தரை. அண்ணன் வீட்டில் போன் கிடையாது, பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார், அவர் நம்பருக்குப் போட்டேன். டீச்சர் போய் அண்ணியைக் கூட்டி வந்தார்.

“லெட்டரு நேத்தே வந்துச்சு கோமு” என்றாள் அண்ணி. “இன்னிக்கி சாப்ட்டு எழுந்துதான் படிச்சாரு. ரெண்டு வாட்டி படிச்சாரு. அப்புறம் மடிச்சு ஜோப்புல போட்டுகினு எழுந்து பூட்டாரு.”

“எங்க போறேன்னு சொல்லலையா அண்ணி?”

“கேட்டேன். ஒண்ணும் சொல்லல. மூணு மணிக்குப் போனவரு. இன்னும் காணோம்.” குரலைத் தாழ்த்தினாள். “பையன அனுப்பிப் பாத்தேன். சுத்து ரோட்டுல இல்ல. பேஜாரா கீது கோமு. பத்து வருசமா ஞாயித்துக்கெழமைன்னா எங்கயும் போவ மாட்டாரு.”

வைத்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் மறுபடி போட்டேன், அண்ணன் வந்துவிட்டானா என்று. வரவில்லை. மறுபடி போட்டேன். லைன் கிடைக்கவில்லை. கிடைத்தது, வரவில்லை. டீச்சர் பாவம், ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அனிதா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னாலயா?” என்று கேட்டாள், தமிழில். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி டயல் செய்தேன்.

கடைசியில் என் கணவர் ரிசீவரை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். “நீ இப்படியே பிடிச்சுக்கிட்டு இருந்தா வேற யாரு கூப்பிட முடியும்?”

வைத்த ஒரு நிமிஷத்தில் மணி அடித்தது.

“இன்னாம்மா, எத்தினி வாட்டி அடிக்கிறது? எங்கேஜ்டு எங்கேஜ்டுன்னே வருது. யார்கூட பேசிகினு கீற?”

பதினான்கு வருஷத்தில் அண்ணன் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் முறை.

“உன்னத்தாண்ணா தேடிக்கிட்டு இருக்கேன்” என்றேன்.

7

“புள்ள லெட்டரு போட்டுகீது. நல்லா எழுதுது. நம்பரும் போட்டுகீது.”

“தெரியும்ணா.”

“ஒயின் கடையாமே.”

“ஆமாண்ணா.”

“எத்தினி வருசமா?”

“எட்டு.”

“மளிகைன்னு எழுதின.”

“கடுகும் விக்கிறோம்ணா.”

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா இருமலா தெரியவில்லை. “குடிக்கிறியா?” என்றான்.

“இல்லண்ணா. அண்ணாந்து வாயில ஊத்திப்பேன், என்னன்னு பாத்துட்டுத் துப்பிடுவேன். இங்க அதுதான் முறை. துப்புறதுக்குன்னே பாத்திரம் வச்சிருக்காங்க.”

“துப்புவியா! முழுசாவா?”

“ஒரு சொட்டு உள்ள போனதில்ல.”

“யம்மா” என்றான். “எனக்குச் சம்பளம் குடுத்துத் துப்புன்னு சொல்லியிருந்தாகூட நான் துப்பியிருக்க மாட்டேன்.” இந்த முறை நிஜமாகவே சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் குரல் மாறியது. “கோமு, உன் மூக்கு நல்ல மூக்குன்னு புள்ள எழுதிகீது. அத யாரு பண்ணி வச்சதுன்னு அதுக்குத் தெரியுமா?”

“தெரியாதுண்ணா.”

“அந்த நாத்தம் உன்ன வுட்டுப் போவட்டும்னுதான் நான் வுட்டேன்.”

“தெரியும்ணா. அதான் சொல்ல முடியல.” அழுகையை அடக்காமலே பேசினேன். “ஆனா இது நாத்தம் இல்லண்ணா. ஒண்ணுல மிளகு வாசனை வருது. ஒண்ணுல மாம்பழம். ஒண்ணுல கொய்யா எல.”

“கொய்யா எலயா?”

“மென்னு போட்ட கொய்யா எல. அத மோந்து பாக்குறப்பல்லாம் நீ படியேறி வர்ற மாதிரி இருக்கும். எனக்கு அது பிடிக்கும்ணா.”

அவன் பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. பாட்டில்கள் உரசுகிற சத்தம் கேட்டது. யாரோ சோடா கேட்டுக் கத்தினார்கள். அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும்.

“அண்ணா, எங்கேருந்து பேசுற?”

“நம்ம பக்கம் பூத்துல வெளிநாட்டு லைன் இல்ல. தாம்பரம் வந்தேன், ஞாயித்துக்கெழம, எல்லாம் மூடிகினு கீது. சுத்தி சுத்திப் பாத்தேன். ஒண்ணே ஒண்ணுதான் தொறந்துகீது.”

“அந்தத் தெருவுலயா?”

“அங்கதான். பக்கத்துக் கடை இன்னான்னு உனக்கே தெரியும்.” மூச்சு விட்டான். “தெருமுனையில ஒரு மணி நேரம் நின்னேன், உள்ள வர்றதா வாணாமான்னு. அப்பால நெனச்சேன், எந்தங்கச்சி எட்டு வருசமா அதுக்கு நடுவுலயே நிக்கிது. நான் ஒரு போனு பேசுறதுக்கு நிக்கக் கூடாதா?”

“போன வச்சிட்டு நேரா வீட்டுக்குப் போவியாண்ணா?”

“போறேன்மா. வையி.”

லைன் போய்விட்டது.

அங்கிருந்து இரும்புலியூருக்கு அரை மணி நடை. ஒரு கடைக்கு மூன்று நிமிஷம் போதும். நான் சமையலறைக் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். அனிதா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடக்கிறது என்று கேட்டாள். அவளுக்கு மாமாவைப் பற்றிச் சொன்னேன், முதல் முறையாக. நிலைப்படியில் கையை ஊன்றி நின்றதை, ஏலக்காயை, இலையை, பாட்டி சாப்பிடாமல் படுத்ததை. தெரியாத வார்த்தைக்கு மட்டும் பிரெஞ்சில் நிறுத்திக் கேட்டாள். மீதியெல்லாம் தமிழிலேயே கேட்டாள். அரை மணி ஆயிற்று. பயத்தில் இன்னும் ஐந்து நிமிஷம் கூட்டிக்கொண்டேன்.

டீச்சர் வீட்டுக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

“நாந்தான்” என்றான் அண்ணன். “நீ பண்ணுவேன்னு தெரியும். வூட்டுக்குள்ளகூடப் போவல. டீச்சரு வூட்டு வாசல்லயே ஒக்காந்துகினு கீறேன்.”

எனக்குக் காது மட்டும்தான் இருந்தது. குரல் குழறுகிறதா, இழுக்கிறதா என்று அந்த நாலு வார்த்தையைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். அவனுக்கு அது புரிந்திருக்க வேண்டும்.

“இன்னாம்மா, கம்முனு கீற? இரு” என்றான்.

ரிசீவரில் நீளமாக ஊதினான். கரகரவென்று காற்றுச் சத்தம் கேட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து வாசனை எப்படி வரும்? பழக்கம், நானும் மூச்சை இழுத்து நிறுத்தினேன். என் சமையலறையில் இருந்த ரசத்தின் வாசனைதான் வந்தது. அவன் அங்கே காத்துக்கொண்டிருந்தான்.

“சரி, உள்ள போண்ணா” என்றேன்.